ஆந்தைக்கு வந்த பல் வலி

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, உங்கள் பூனை மூவரும் சௌக்கியம். மலை மேல் நீயும், நீ போகிற பக்கமெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும் என் மகனும் அதே போல இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே போன் எடுக்காது என்று சொல்லிவிட்டுப் போனாய். ஆகையால் கீழே இறங்கியதும் முதல் வேலையாக இதைப் படி. உட்கார்ந்துகொண்டு படி. பயப்பட ஒன்றும் இல்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. முடிந்த பிறகுதான் தைரியம் வந்து எழுதுகிறேன்.

புறப்படும்போது நீ என்னிடம் இரண்டே காரியம் ஒப்படைத்தாய். ஒன்று, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தச் சாவி. அதைக் கணினியில் செருகி விரலால் தொட்டால்தான் உன் புரோகிராமில் எந்த மாற்றமும் ஏறும், யார் கேட்டாலும் கொடுக்காதீங்க மாமா என்றாய். இன்னொன்று, புரோகிராமின் இணையப் பக்கத்துக்கு யார் என்ன எழுதினாலும் ‘பார்த்தோம், வந்ததும் பதில் வரும்’ என்று ஒரே ஒரு வரி போடச் சொன்னாய். சாவியை நான் அந்தக் கணமே உன் அத்தையிடம் கொடுத்துவிட்டேன், அவள் அதை எங்கேயோ வைத்துவிட்டு, “எங்கன்னு உங்ககிட்ட சொல்லமாட்டேன், சொன்னா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி” என்றாள். அந்த விஷயம் அத்தோடு சரி. ஆனால் அந்த ஒரு வரி விஷயம் எனக்கு மனசு ஒப்பவில்லை அம்மா. எங்கேயோ முகம் தெரியாத ஒருவர் மெனக்கெட்டு எழுதுகிறார், அவருக்கு முகத்தில் அடித்தாற்போல் ஒரு வரியா? ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தபோது, டிக்கெட் இல்லாதவனிடம்கூட நான் ‘உட்காருங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் அபராதம் எழுதுவேன். ஆகவே நான் தமிழில் நாலு வார்த்தை நலம் விசாரித்து எழுத, உன் கணினி அதை அவரவர் பாஷையில் மாற்றிக் கொடுக்க, அவர்கள் எழுதுவதை எனக்குத் தமிழில் மாற்றித் தர, கடையைத் திறந்துவிட்டேன்.

முதல் நாளே ஒருவர் ‘உங்கள் புரோகிராம் என் வீட்டில் காலையிலிருந்து செத்துக் கிடக்கிறது’ என்று எழுதியிருந்தார்.  ‘தங்கள் துயரத்தில் எங்கள் குடும்பமும் பங்குகொள்கிறது’ என்று எழுதினேன். அவர் அதற்கு ஒரு கண்ணீர்ப் பொம்மை போட்டார். அது சிரித்து வந்த கண்ணீர் என்று அப்போது தெரியாது. மறுநாள் இன்னொருவர், ‘பெற்றோரைக் கொன்றேன், பிள்ளை மட்டும் சாகாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, என்ன செய்யலாம்’ என்று கேட்டிருந்தார். உன் அத்தை உடனே போலீசைக் கூப்பிடச் சொன்னாள். அது கணினிக்குள் நடக்கும் ஏதோ ஓட்டத்தின் பெயர் என்று கள்ளிச்செடிதான் விளக்கினான். கள்ளிச்செடியை உனக்குத் தெரிந்திருக்கும். உன் இணையப் பக்கத்திலேயே எப்போதும் கிடக்கிறவன், அந்தப் பட்டப்பெயர் அவனே வைத்துக்கொண்டதாம், பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம். வணக்கம் கிடையாது, வாழ்த்து கிடையாது. ‘காத்திருப்பில் உள்ள புதுத் திருத்தத்தின் கடைசி வரி எதற்கு? பதில் தேவை’ என்று எழுதினான். யாரோ எழுதி அனுப்பி, சாவி தொட்டு ஏற்றுவதற்காகக் காத்திருக்கிற மாற்றமாம் அது. ‘தம்பி, சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டேன். ‘என் சாப்பாட்டுக்கும் கடைசி வரிக்கும் சம்பந்தம் இல்லை’ என்று வந்தது. கோபம் உடம்புக்கு ஆகாது என்று எழுதினேன். ‘கடைசி வரி’ என்று மட்டும் திரும்ப வந்தது. இப்படியும் ஒரு பிள்ளையா என்று நொந்துகொண்டேன்.

இதற்கு நேர்மாறாக ஒருவன் வந்தான், பெயர் இளந்தென்றல். பெயருக்கேற்ற பிள்ளை. என் முழங்கால் வலியை நான் ஒரு தடவைதான் சொன்னேன், தினமும் காலையில் ‘இன்றைக்கு முழங்கால் எப்படி ஐயா?’ என்று கேட்டுவிட்டுத்தான் மறு பேச்சு. பூனையின் படம் கேட்டான். அத்தைக்கு வணக்கம் சொல்லச் சொன்னான். அப்புறம் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல மெதுவாக, ‘பாவம் உங்கள் மருமகள், உலகமே உபயோகிக்கிற ஒன்றை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுமக்கிறார், நான் கொஞ்சம் தோள் கொடுக்கட்டுமா’ என்றான். காத்திருப்பில் இருந்த அந்தப் புதுத் திருத்தமும் அவன் எழுதியதுதான். ‘என் பெயரையும் பொறுப்பாளராகச் சேர்த்துவிட்டுச் சாவியை ஒரு தடவை தொடுங்கள், அப்புறம் உங்கள் மருமகள் நிம்மதியாகத் தூங்கலாம்’ என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நீ சாப்பிடும்போதும் மடியில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு தட்டுவதைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டவன் நான். அதே சமயம் பழைய குடை என்று ஒருவர், தூங்காத ஆந்தை என்று ஒருவர், இன்னும் நாலைந்து பேர், ‘இந்தப் புரோகிராம் உறங்குகிறது, திறமையானவரிடம் கொடுங்கள், இளந்தென்றல் எவ்வளவு நல்லவர்’ என்று வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள். ஊரே ஒன்றைச் சொன்னால் அதில் உண்மை இருக்கும் அல்லவா? இளந்தென்றலை நம்பலாமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஆளைப் பார்த்ததும் டிக்கெட் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுகிற எனக்கு, இவன் முதல் வகுப்புப் பயணியாகவே தெரிந்தான்.

இந்த நிலையில்தான் ஒரு பகல் வேளையில் கதவு தட்டப்பட்டது. கோட்டு போட்ட ஒரு பெண், ஒரு மகா பெரிய கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி என்றாள். கம்பெனியின் பெயர் சொன்னால் உனக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை. எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்கு, எந்த நோயாளி எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கணக்கு வைத்துக் கொடுப்பது அவர்களாம். தங்கள் கணினிச் சாமான்களுக்குள் என்னென்ன இருக்கிறது என்று இப்போதுதான் குடைந்து பார்த்தார்களாம், அடி ஆழத்தில் உன் புரோகிராம் உட்கார்ந்திருந்ததாம். மூன்று கோடு நான்கு என்று எழுதினால் அது மார்ச் நான்கா, ஏப்ரல் மூன்றா என்று பார்த்துச் சொல்வது நீ எழுதியதுதானாம்.

“உங்க மருமகளோட டீம்ல எத்தனை பேர் சார்?” என்று கேட்டாள்.

“அவளும் அவளோட காபி கப்பும்” என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “எங்க கம்பெனி மொத்தமும் இது மேலதான் நிக்குது!”

சமையலறையிலிருந்து உன் அத்தை, “ஏறி நிக்கறதுக்கு முன்னாடி கீழ யாரு தாங்கிட்டிருக்காங்கன்னு ஒரு தடவை குனிஞ்சு பாத்திருக்கலாமே” என்றாள்.

 அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, எங்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்தாள். “வெலைக்கு வாங்கிக்கலாம்னுதான் எங்க முதலாளி சொன்னார்” என்றாள். “அவ அதை ஊருக்கே குடுத்துட்டாம்மா, குடுத்ததை எப்படி விக்கறது?” என்றேன்.  “அப்ப தயவு பண்ணி இன்னொரு ஆளையாவது பொறுப்புல சேருங்க, அவங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட எங்களால தாங்க முடியாது” என்று கெஞ்சினாள். எனக்கா சொல்லித்தர வேண்டும், ஆள் தயாராக இருக்கிறானே! உன் அத்தையிடம் சாவியைக் கேட்டேன்.

“முகம் பாக்காத ஆளுக்கு யாராவது சாவி குடுப்பாங்களா? வீடியோவுல வந்து ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க” என்றாள்.

அதிகாரியும் அத்தை பக்கம் சேர்ந்துகொண்டாள். நியாயம்தான் என்று இளந்தென்றலுக்கு எழுதினேன். அவனுக்குக் கேமரா கெட்டுவிட்டதாம். போனில் பேசு என்றேன். தொண்டை கட்டிவிட்டதாம். எனக்கு அவன் மேல் இரக்கம்தான் பெருகிற்று. ஆவி பிடிக்கச் சொன்னேன். இதற்கிடையில் குடையும் ஆந்தையும் மற்றவர்களும் இன்னும் பலமாகப் புகார் எழுத, நான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சமாதானம் எழுதினேன். பழைய குடை பல் வலியில் எரிச்சலாக இருப்பதாகச் சொன்னதால், கிராம்பை அந்தப் பல்லில் வைத்து அழுத்தும்படி அவருக்கு மட்டும் தனியாகக் குறிப்பு அனுப்பினேன்.

மறுநாள் காலை அதிகாரி மறுபடி வந்திருந்தாள். உன் அத்தையின் தேநீர் பிடித்துவிட்டது போலிருக்கிறது. நான் வந்த கடிதங்களை இருவருக்கும் சத்தமாகப் படித்தேன். தூங்காத ஆந்தையிடமிருந்து ஒன்று: ‘கிராம்பு வைத்தேன், பல் வலி போய்விட்டது, நன்றி ஐயா. சாவி விஷயம் என்ன ஆயிற்று?’

“அடப் பாவமே, ஆந்தைக்கும் பல் வலியா? நான் குடைக்குத்தானே சொன்னேன்” என்றேன்.

அதிகாரியின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. “சார், திரும்பப் படிங்க.”

படித்தேன்.

“குடைக்குச் சொன்ன மருந்து ஆந்தைக்கு எப்படித் தெரியும்? சார், அது ரெண்டு பேர் இல்ல!”

எனக்கு அப்போதும் புரியவில்லை. ஒரே வீட்டுக்காரர்களோ என்றேன். உன் அத்தை தலையில் அடித்துக்கொண்டு, “ஒரே ஆளுதாங்க! எல்லாம் உங்க தென்றல்தான். பேர மாத்தி மாத்தி எழுதினவன் இன்னைக்கு எந்தப் பேர்ல இருக்கோம்கறதையே மறந்துட்டான்” என்றாள்.

 பதறிப்போய்க் கள்ளிச்செடிக்கு எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் திரையில் ஆள் வந்து நின்றான். யாரும் கேமரா போடச் சொல்லவில்லை. வாராத தலை, தோளில் துண்டு, வாயில் பாதி ரொட்டி, பேச்சு நம் தமிழ்தான். “இதான் என் மூஞ்சி, போதுமா? முதல் நாள்லேர்ந்து அந்தக் கடைசி வரி எதுக்குன்னு கத்திட்டிருக்கேன், நீங்க என்னை சாப்டியான்னு கேக்கறீங்க!” என்றான். அவன் அங்கிருந்து சொல்ல, அதிகாரி இங்கிருந்து பார்க்க, இருவருமாக அந்த வரியைப் பிரித்தார்கள். பார்ப்பதற்குப் பரம சாதுவான வரி. ஆனால் அது ஏறியிருந்தால், குறிப்பிட்ட ஒரு தேதி வந்ததும், உன் புரோகிராம் இருக்கிற கணினிகளிலெல்லாம் வெளியாள் நுழைய ஒரு கொல்லைக் கதவு திறந்துகொள்ளுமாம். ஆஸ்பத்திரிகள் உட்பட. திருடன் கையிலேயே சாவியைக் கொடுக்க இருந்தேன், அதுவும் முழங்காலை விசாரித்தான் என்பதற்காக.

உன் அத்தை என் தோளைத் தட்டி, “சண்டை போடறவன் இருக்கறதுக்கு வந்தவன். உபசாரம் பண்றவன் எடுத்துட்டுப் போக வந்தவன். இது தெரியாமதான் இத்தனை வருஷம் ரயில்ல ஏறி இறங்கினீங்களா?” என்றாள். கள்ளிச்செடி திரைக்குள் முதல் தடவையாகச் சிரித்தான். பல் வரிசை நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம் நடந்ததெல்லாம் சந்தோஷம். இளந்தென்றலும் குடையும் ஆந்தையும் ஒரே நொடியில் மாயமாக மறைந்தார்கள். அந்த வரியைக் கள்ளிச்செடி எல்லாரும் பார்க்கும்படி இணையப் பக்கத்தில் போட, எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து உன் புரோகிராமை மூலை முடுக்கெல்லாம் கழுவித் துடைத்தார்கள். கடையைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிறாளே என்று உன்னை நினைத்தது உண்டு. அத்தனை பேர் காவல் நிற்கிறார்கள் என்று இப்போதுதான் பார்த்தேன். அதிகாரி தன் முதலாளியோடு போனில் ஒரு பாடு கத்திவிட்டு வந்து, அவர்கள் சம்பளத்திலேயே இரண்டு இன்ஜினியர்களை உன் கீழே வேலை செய்ய அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பது மட்டும் உன் கையில், புரோகிராம் எப்போதும் போல எல்லாருக்கும். கள்ளிச்செடியையும் பொறுப்பில் சேர்க்கலாம் என்பது என் அபிப்பிராயம், முடிவு உன்னுடையது. ஒன்று சொல்கிறேன், நமக்குள் இருக்கட்டும்: காலையில் முழங்காலை விசாரிக்க ஆள் இல்லாதது எனக்குக் கொஞ்சம் குறையாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, இதுவும் நமக்குள் இருக்கட்டும்: சாவி எங்கே என்று நானே துப்புத் துலக்கிவிட்டேன், சமையலறையில் மேல் தட்டு, மாவு டப்பா. உன் அத்தைக்கு நான் கண்டுபிடித்தது தெரியாது. அவள் சமையலைவிடப் போன வாரம் அதிகாரி வாங்கி வந்த ரொட்டி நன்றாக இருந்தது என்பதும் நமக்குள் இருக்கட்டும்.

நீயும் என் மகனும் நீடு வாழ்ந்து, நீ எழுதுகிற ஒவ்வொரு வரியும் பிழையின்றி ஓடி, அவன் ஒரு தடவையாவது உனக்கு முன்னால் மலை ஏற வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதை அனுப்பிவிட்டு, சற்று நேரம் கழித்து எழுதுகிறேன். உனக்குப் போகிற பொத்தானும் புரோகிராமின் பொதுப் பக்கத்துக்குப் போகிற பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது என் குற்றம் இல்லை. கடிதம் பொதுப் பக்கத்துக்குப் போய்விட்டது. இதற்குள் பல பாஷைகளில் மொழிபெயர்த்துவிட்டார்கள். ஒருவர் எழுத்துப் பிழை திருத்தி அனுப்பியிருக்கிறார். உன் அத்தை, அந்த ரொட்டி வரியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்று கையில் காலி மாவு டப்பாவோடு வாசற்படியில் நிற்கிறாள். சாவி இடம் மாறிவிட்டது. கடிதத்தை அழித்துவிடலாமா என்று கள்ளிச்செடியைக் கேட்டேன். “அழிக்கலாம் மாமா, ஆனா உலகம் பூரா பிரதி எடுத்தாச்சு, அதுதானே இதோட அருமை” என்கிறான். ஆகவே அம்மா, மேலே ‘நமக்குள் இருக்கட்டும்’ என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம், ‘நாம்’ என்பது கொஞ்சம் பெரிய குடும்பம் என்று வைத்துப் படித்துக்கொள்ளவும்.