குளமா, வாசலா: சனிக்கிழமைக்குள் சொல்லவும்

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இரத்த அழுத்தம், அக்காவின் முழங்கால், பேரப்பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவையவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை நலம். நான் நலமா என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது தங்களுக்கே தெரிந்துவிடும்.

நிற்க. தாங்கள் உட்கார்ந்துகொண்டே படிக்கலாம், விஷயம் நீளமானது.

நாங்கள் இருக்கும் வாடகை வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், அதனால் ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்பில் ஒரு வீடு எடுக்க முடிவு செய்தோம் என்பதெல்லாம் தாங்கள் அறிந்ததே. குடியிருப்பு என்றதும் நாலு வீடும் ஒரு மரத்தடியும் என்று நினைத்துவிட வேண்டாம். இது ஒரு ஊர். ஏழு பகுதிகள், ஆயிரத்துச் சொச்சம் வீடுகள், உள்ளுக்குள்ளேயே சுற்றி வர மின்சார வண்டி. எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே வண்ணம், ஒரே கதவு. வந்த அன்றைக்கே நான் வழி தவறி வேறு யாரோ ஒருவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் செய்தித்தாள் படித்துவிட்டு வந்தேன். அந்த வீட்டு அம்மாளும் நிமிர்ந்து பார்க்காமல் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னிக்காவது மாத்திரையைப் போட்டீங்களா"ன்னு ஒரு அதட்டல் போட்டுவிட்டுப் போனார். முப்பத்திரண்டு வருஷம் சர்வேயர் வேலை பார்த்தவன் நான். அடுத்தவன் நிலத்துக்கு எல்லைக்கல் நட்டு, அடிதடி வரைக்கும் போன தகராறுகளை ஒரு டேப்பை வைத்துத் தீர்த்தவன். எனக்கே இந்தக் கதி.

இங்கே நிர்வாகி அம்மாள் ஒருவர் இருக்கிறார். சிரித்த முகம் மாறாது, ஆனால் விதியில் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். வீடு காலியாக உள்ள நாலு பகுதியிலும் நாலு நாலு நாள் தங்கிப் பார்க்க வேண்டும். பிறகு கணவன் ஒரு தாள், மனைவி ஒரு தாள், தனித்தனியாக எந்தப் பகுதி வேண்டும் என்று எழுதி, மடித்து, அலுவலக வாசலில் பூட்டிய பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் போட வேண்டும். ஒருவரை ஒருவர் கேட்கக்கூடாது.

"எதுக்கும்மா இந்தப் பரீட்சை? நாங்க என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா?" என்றேன்.

"ஒரே தாள்னா சார் எழுதுவாரு, அம்மா கையெழுத்துப் போடுவாங்க. குடி வந்த மறுநாளே அம்மா என் மேசைக்கு முன்னால வந்து உக்காந்து அழுவாங்க. எத்தனை பேரை நான் பாத்துட்டேன்! அதனாலதான் சார் தனித்தனித் தாள்."

"ரெண்டு தாளும் ஒத்துப்போகலேன்னா?"

"காத்திருக்கிறவங்க பட்டியல்ல பேர் கடைசிக்குப் போயிடும். அடுத்த வருஷம் முதல்லேருந்து தங்கிப் பாக்கணும்."

மாதக் கடைசியில் பெட்டி படுக்கையோடு நடுத்தெருவில் நிற்கிற வயதா எங்களுக்கு? சரி, தங்கிப் பார்த்தாவது தெளிவு பிறக்கும் என்று கிளம்பினோம்.

முதலில் அமைதிப் பகுதி. பேருக்கு ஏற்ற மாதிரியே அமைதிதான். நான் ஒரு தும்மல் போட்டேன், எதிர் வரிசையில் மூன்று ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. செருப்புச் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று கதவிடுக்கில் ஒரு சீட்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற நூலகர், என்னைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டில் விரலை வைப்பார், நான் வாயைத் திறக்கும் முன்பே. எனக்குக் காது மந்தம், அதனால் நான் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவது தெருக்கோடி வரை கேட்கும் என்று தங்கள் தங்கை சொல்லுவாள். ஆகவே நாங்கள் இருவரும் சீட்டில் எழுதிப் பேச ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் சீட்டிலேயே ஒரு சண்டை வந்தது. என் கையெழுத்து அவளுக்குப் புரியவில்லை, அவள் எழுதியது கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியவில்லை, பத்து நிமிஷத்தில் முடிய வேண்டிய சண்டை சாயங்காலம் வரைக்கும் இழுத்தது. அங்கிருந்து வந்தால் போதும் என்று வந்தோம்.

அடுத்தது உற்சாகப் பகுதி. அதை நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது மச்சான். ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்த மனிதர் அங்கே தலைவர். கழுத்தில் விசில். விடிந்தும் விடியாமல் கதவைத் தட்டி, "என்ன சார், இன்னும் படுக்கையா? கை தட்டிச் சிரிக்கிற நேரம் வந்தாச்சு"ன்னார். சிரிக்க என்ன இருக்குன்னு கேட்டேன். அதைக் கேட்டு அவர் சிரித்தார். நாற்பது பேர் வட்டமாக நின்று கை தட்டி ஹாஹாஹா என்கிறார்கள், நடுவில் நான். இரண்டாம் நாளே என்னைப் பந்தெறியும் குழுவுக்குத் தூரம் அளக்கிறவராகவும், தங்கள் தங்கையைப் பிறந்தநாள் குழுவுக்குத் துணைச் செயலாளராகவும் போட்டுவிட்டார்கள். ராஜினாமா செய்கிறோம் என்றோம். ராஜினாமாவை ஏற்கக் குழு கூட வேண்டும், குழுவைக் கூட்டத் துணைச் செயலாளர்தான் கடிதம் அனுப்ப வேண்டும் என்றார்கள். அவளே கடிதம் எழுதி, அவளே கூட்டி, அவளே ராஜினாமாவை வாசித்துவிட்டு வந்தாள். வந்ததும் ஒரு முழு நாள் தூங்கினோம்.

இரண்டையும் பற்றி அவளிடம் கேட்டேன், எப்படி இருந்தது என்று. "உங்க இஷ்டம்" என்றாள். இந்த ஒரு வார்த்தையை நாற்பத்தொரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். புடவையா, உங்க இஷ்டம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடமா, உங்க இஷ்டம். என் வேலையில் எத்தனை மாற்றல் என்று தங்களுக்குத் தெரியும். பதினோரு வீடு மாறியிருக்கிறோம். ஒரு தடவைகூட அவளைக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டி, பிடிக்குதான்னு நான் கேட்டதில்லை. லாரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "ஏறு" என்பேன். ஏறிவிடுவாள். இந்த ஒரு தடவையாவது அவள் இஷ்டத்துக்கு ஒரு வீடு அமையணும் மச்சான். இதுக்கப்புறம் எங்களுக்கு லாரி வராது.

மூன்றாவது குளத்துப் பகுதி. பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குளத்தில் வாத்துகள் இருக்கின்றன. அதில் ஒன்று, சாம்பல் நிறம், கழுத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அதற்கும் எனக்கும் என்ன முன்பகையோ தெரியாது. முதல் நாள் காலை குளத்தின் சுற்றளவைப் பார்க்கலாமே என்று டேப்பை விரித்தேன். வந்தது பாருங்கள் ஒரு சத்தம் போட்டுக்கொண்டு! நான் ஓட, டேப்பும் பின்னால் வர, டேப்பைத் துரத்திக்கொண்டு அது வர, ஒரு செருப்பு குளத்துக்குள் போய்விட்டது. மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் தங்கள் தங்கை சிரித்துக்கொண்டு நிற்கிறாள். லேசான சிரிப்பில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆச்சு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. மறுநாளும் போனேன். மற்ற இரண்டு நாளும் போனேன். எனக்கு அந்த வாத்தைக் கண்டாலே குலை நடுங்கும், இருந்தாலும் போனேன். நாலு நாளும் அவள் சிரித்தாள். ஆக, அவளுக்குக் குளம் பிடித்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

கடைசியில் வாசல் பகுதி. பெரிய கேட்டுக்குப் பக்கத்தில். வெளியே பஸ் நிறுத்தம், பழக்கடை, பள்ளிக்கூட வேன், ஆள் நடமாட்டம். மச்சான், உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது இதுதான். ரிடையர் ஆனபிறகு உலகம் என் காதுக்கு எட்டாமல் போய்விட்டது. அங்கே உட்கார்ந்தால் பஸ் ஹாரன் கேட்கிறது, பழக்காரர் கூவுவது கேட்கிறது. ஆஹா, என்ன சத்தம், என்ன சத்தம் என்று என்னையும் மீறி வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஆனால் அவள் மனசைக் கலைக்கக்கூடாதே என்று முகத்தை மட்டும் நாலு நாளும் உம்மென்று வைத்துக்கொண்டேன். அவளோ காலையும் மாலையும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, "எவ்வளவு தூசி, எவ்வளவு தூசி" என்று பெருக்கியபடியே இருந்தாள். சுத்தமாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது.

இன்று புதன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் விருந்தினர் அறை ஒன்றில் இருக்கிறோம். சனிக்கிழமை பெட்டியைத் திறப்பார்கள். அவள் தாளும் வெள்ளையாகத்தான் கைப்பையில் இருக்கும் என்று நினைக்கிறேன். கேட்கக்கூடாது என்பது விதி. கேட்டாலும் பதில் தெரிந்ததுதான். குளம் என்று எழுதலாம் என்றிருக்கிறேன், ஆனால் என் ஊகம் தப்பாகிவிட்டால் ஒரு வருஷம் போச்சு, வீடும் போச்சு. ஆகவே தாங்கள்தான் கைகொடுக்க வேண்டும். தங்கைக்கு போன் செய்து, பேச்சோடு பேச்சாக வாயைப் பிடுங்கவும். அண்ணனிடம் மறைக்கமாட்டாள். பிறகு என்னிடம் பேசும்போது நேரடியாகச் சொல்லிவிட வேண்டாம், நான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச முடியும், அவள் பக்கத்திலேயே இருப்பாள். குளம் என்றால் "அங்கே மழையா?" என்று கேட்கவும். வாசல் என்றால் "வெயிலா?" என்று கேட்கவும். வானிலை என்னவாக இருந்தாலும் நான் புரிந்துகொள்வேன். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் இது நடக்க வேண்டும், ஏனென்றால் நான் களைத்துப் போய்விட்டேன் மச்சான், பதினாறு நாளில் நாலு தடவை பெட்டி கட்டி, நாலு தடவை பிரித்து, இப்போது என் பல் டப்பா எந்தப் பையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நூறு வயசு, நல்ல காதோடு இருக்க என் ஆசீர்வாதம். தங்கள் அன்பு என்றும் எங்கள் பக்கம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் வீட்டுக்காரன்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். கடிதத்தை உறையில் போடப் போகும்போது தங்கள் தங்கை ஒரு தாளை நீட்டி, "அண்ணனுக்குத்தானே? இதையும் உள்ளே வெச்சிடுங்க" என்றாள். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் எனக்கில்லை. நாலாக மடித்திருந்தாள், உறைக்குச் சிறியதாக எட்டாக மடிக்கலாமே என்று பிரித்தேன், கண்ணில் பட்டுவிட்டது. இதோடு அதையும் வைத்திருக்கிறேன், ஆனாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் எனக்கு ஆறாது:

"அண்ணா, காலைலயே என் தாளைப் பெட்டியில போட்டுட்டேன். குளம்னு எழுதிட்டேன். எனக்கு அந்த வாத்துங்களைக் கண்டாலே ஆகாது, துணி காயப்போடற இடமெல்லாம் அசிங்கம் பண்ணி வெக்குது. எனக்கு வாசல்தான் பிடிச்சுது. எதிர்வீட்டு டைலரம்மாகிட்ட பேசிக்கிட்டே பெருக்கலாம், பெருக்கறதுக்கும் ஏதோ இருக்கு. ஆனா இவரு அங்க நாலு நாளும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு, என்ன சத்தம் என்ன சத்தம்னாரு. குளத்துலதான் தினமும் காலைல தானா எழுந்து போனாரு. ரிடையர் ஆனதுக்கப்புறம் இவரு எதுக்கும் தானா எழுந்து போய் நான் பாக்கலை. பதினோரு வீடும் ஆபீஸ் சொன்ன ஊர்ல, ஆபீஸ் சொன்ன நாள்ல. இவரை யாரு கேட்டாங்க, உங்க இஷ்டம் என்னன்னு? இந்த ஒரு தடவை அவரு இஷ்டப்படி இருக்கட்டும்."

படித்துவிட்டு நிர்வாகி அம்மாளிடம் ஓடினேன். பெட்டியைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். "சனிக்கிழமை சார்" என்றார், அதே சிரிப்போடு. போட்ட தாளை மாற்ற முடியாது. நான் வாசல் என்று எழுதினால் ஒரு வருஷம் நடுத்தெரு. அங்கேயே நின்று குளம் என்று எழுதிப் போட்டுவிட்டு வந்தேன். இருவருக்கும் பிடிக்காத இடத்தை இருவரும் மனமொத்துக் கேட்டிருக்கிறோம். ஆகவே மழை, வெயில் எதையும் விசாரிக்க வேண்டாம். எனக்கு வாசல் பிடிக்கும் என்பதை அவளிடம் மூச்சு விடாதீர்கள், தாங்கமாட்டாள். என் கை நடுங்கி உறையெல்லாம் பசையாகிவிடும், அதனால் ஒட்டித் தரச் சொல்லி அவளிடமே கொடுக்கிறேன். அவள் அடுத்தவர் கடிதத்தைத் தொட்டும் பார்க்கமாட்டாள்.

அண்ணா, ஒட்டும்போது கண்ணுல பட்டுடுச்சு. நான் சிரிக்கணும்னுதான் ஓடினாராம். துணியை உள்ளேயே காயப்போட்டுக்கறேன், போகட்டும். நான் படிச்சது அவருக்குத் தெரிய வேண்டாம். வெள்ளிக்கிழமை போன் பண்ணி, அங்கே மழையான்னு மட்டும் கேளுங்க. ஆமாம்னு நான் சொல்றேன்.