காப்புக் கட்டிய தோட்டத்தில் இறால் ஓடு

நாலெழுத்துப் படித்த நினைப்பு தலைக்கேறியவனுக்கு முதலில் வேலை செய்யாமல் போவது மூக்குதான். (எனக்கு நடந்ததால் சொல்கிறேன்.)

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை நாற்றுமேடையில் ஆட்களை வேலை வாங்கும் புதுக் கணக்கப்பிள்ளை நான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த நேரம் பார்த்து நாற்றுகளின் வேரில் பூஞ்சை விழுந்து, பாத்தி பாத்தியாகக் கருகின. நாற்று போனால் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தோட்டத்து உதவி மேலாளரான சின்னத்துரைக்கு என் வயதுதான். எதையாவது வாசித்துவிட்டு வந்து செய்து பார்க்கச் சொல்லும் ஆசாமி. "எறா ஓட்ட இடிச்சு மண்ணுல கலந்து பாருங்க. அதத் தின்னுற பாக்டீரியா பெருகும். பூஞ்சையோட தோலும் அதே சாமான்தான், அதையும் தின்னும்" என்றார்.

கொழும்பிலிருந்து சாக்குச் சாக்காக இறால் ஓடு வரவழைத்தேன். சரியாகக் காயாத ஓடு. அதை அவிழ்த்த அன்றுதான் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை கருவாட்டு வாடைகூடத் தோட்டத்தில் வீசக்கூடாது. (பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்தது இது. கணக்கப்பிள்ளை மறந்துபோனான்.)

நாற்றுமேடைப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்கள். செல்லம்மா மட்டும் நின்று கேட்டாள்.

"ஏங்கய்யா, நாங்க ஆத்தாளுக்குப் பொங்க வைக்கப் போறோம், நீங்க எறாக் கொழம்பா வைக்கிறீங்க?"

"இது மருந்து புள்ள!"

"அப்ப நீங்களே ஊட்டுங்க."

ஊட்டினேன். தனியாக இடித்து, தனியாகக் கலந்தேன். எவ்வளவு சவர்க்காரம் தேய்த்தும் நாற்றம் போகவில்லை. தேரன்று தொழிலாளர் லயத்து நாய்களெல்லாம் சாமியை விட்டுவிட்டு என் பின்னால் ஊர்வலம் வந்தன. பூசாரி எட்ட நின்றே திருநீற்றை வீசினார். அதற்குப் பிறகு ஒரு நாற்று பட்டுப்போயிருந்தாலும் ஆத்தாள் கோபம் என்று தோட்டமே என்னைத் துரத்தியிருக்கும்.

மழைக்காலம் ஒன்று போனது. கருகல் நின்றது. செல்லம்மா ஒரு நாற்றைக் கிளப்பிக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று புது வேர். மண்ணில் ஓட்டின் சுவடே இல்லை. உலக்கைக்கே போக்குக் காட்டிய ஓடு அது! கண்ணுக்குத் தெரியாத, கடலையே பார்த்திராத ஒரு கூட்டம் அதைக் கரைத்துத் தின்றதோடு பூஞ்சையையும் தீர்த்துவிட்டிருந்தது. அந்த மண்ணில் ஒரு பிடியை அள்ளி விரலால் கிளறிப் பார்த்தேன். கோயிலில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

"ஆத்தா இதுக்குள்ளயும் இருக்கா போல" என்றாள் செல்லம்மா. மறுக்கத் தோன்றவில்லை.

வேலை நிரந்தரமானது. செல்லம்மா என் மனைவியானாள். அந்த நாற்றுகளை நட்ட மலைக்குத் துரைமார் கொடுத்தது வெறும் நம்பர்தான். ஆனால் காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது இன்றும் "எறா மலையில கொழுந்து" என்றுதான் சத்தம் போடுகிறார்கள். புதிதாக வந்த துரை ஒருவர், இந்த உயரத்துக்கு இறால் எப்படி வந்தது என்று செல்லம்மாவிடமே கேட்டிருக்கிறார்.

"சாக்குல வந்துச்சுங்க தொரை. எறா மண்ணாப் போயிருச்சு. வாடை மட்டும் எங்கூடக் குடித்தனம் நடத்துது" என்றாளாம்.