குழலைத் தேய்த்தாயா?

அன்புள்ள எமில் மாமாவுக்கு,

தேய்த்தேன் மாமா, தேய்க்காமல் இருப்பேனா? நேற்று துப்பாக்கி சுடும் கிளப்பிலிருந்து செத்துப்போன முகத்தோடு வீட்டுக்கு வந்தால், தபால் பெட்டியில் உங்கள் அட்டை. ‘குழலைத் தேய்த்தாயா?’ என்று ஒரே ஒரு கேள்வி. கண் சரியில்லாமல் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்குப் போட்டதில் அட்டை அதோடு நிறைந்துவிட்டது, நலம் விசாரிக்கக்கூட இடமில்லை. பரவாயில்லை, நானே சொல்லிவிடுகிறேன். இங்கே அம்மா நலம், நாய் நலம், பனி உருகி வாசல் முழுக்கச் சேறு. நான் நலமில்லை. உங்கள் துப்பாக்கி என்னைவிட மோசம். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நாற்பது வருஷம் பக்கத்திலேயே வெடி கேட்ட காது உங்களுடையது. பாதிதான் விழும், அதுவும் தப்பான பாதியாக விழும். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

உங்கள் துப்பாக்கியை என் கையில் விட்டுப் போகும்போது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. வலது கண்ணில் மூட்டம் விழுந்தாயிற்று, டாக்டர் கையை விரித்துவிட்டார், இனிமேல் இடது கண்ணால், இடது தோளில் வைத்துத்தான் சுட முடியும். மே மாதம் அரிசோனாவிலிருந்து திரும்பி வரும்போது இடக்கைத் துப்பாக்கி ஒன்று இருந்தால் மறுபடி கிளப்பில் நிற்பீர்கள், இல்லாவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடிப்பீர்கள். இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே போட்டிக்குத் தகுந்த இடக்கைத் துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான். வெர்னாம்மாவின் காலஞ்சென்ற புருஷன் ஆர்வினுடையது. அந்தம்மா விற்க மாட்டார். "ஆர்வின் துப்பாக்கிய காசுக்குக் குடுக்க மாட்டேன். நல்லா சுடற வலக்கைத் துப்பாக்கி ஒண்ணு கொண்டு வா, மாத்திக்கிறேன். எமிலோடதுன்னா ரொம்ப சந்தோஷம்" என்றார். உங்கள் பெயரைச் சொன்னபோது முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது மாமா. அதை நான் நேற்று மத்தியானத்துக்குள் காலி செய்துவிட்டேன்.

முதலில் தேய்த்த விஷயம். நான் காலேஜை விட்டு வந்தபோது ‘இவன் ஒன்றையும் முழுசாகச் செய்யமாட்டான்’ என்று அம்மா உங்களிடம் அழுதாள் அல்லவா? இதை முழுசாகச் செய்தேன். நான் வேலை பார்க்கும் சீஸ் ஆலையில் தொட்டி கழுவினால், மேஸ்திரி டார்ச் அடித்துப் பார்ப்பான், ஒரு புள்ளி தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பழக்கம். உங்கள் துப்பாக்கியின் குழலுக்குள் டார்ச் அடித்தால் ஒரே கருப்பு. எத்தனை வருஷத்து அழுக்கோ! பித்தளை பிரஷ்ஷைப் போட்டேன், கரைசலை ஊற்றினேன், ஊற வைத்தேன், மறுபடி பிரஷ், மறுபடி கரைசல். ஒரு வாரம் வேலை முடிந்து வந்து இதுதான் எனக்குப் பொழுது. கடைசியில் துணி வெள்ளையாகப் போய் வெள்ளையாகவே வெளியே வந்தது. துருப்பிடிக்கக்கூடாது என்று தாராளமாக எண்ணெய் விட்டேன். உள்ளே பார்த்தால் மேஸ்திரியே கைதட்டியிருப்பான். அந்த உற்சாகத்தில் துப்பாக்கியின் மரக்கட்டையிலும், நீங்கள் கன்னம் வைத்து வைத்துப் பூச்சு போன இடத்தில், உப்புத்தாளை எடுத்துக் கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்த்துவிட்டேன். அதற்குள் அம்மா வந்து பிடுங்கிக்கொண்டாள். அது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழல் விஷயத்தில் என்மேல் யாரும் விரல் நீட்ட முடியாது.

நேற்று கிளப்பில் எல்லாரும் இருந்தார்கள். துப்பாக்கி மாற்றுவது என்றால் வேடிக்கை பார்க்காமல் விடுவார்களா? ஹெர்ப் டீட்ஸ் காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, "வாடா கிப்பு, மாமன் சொத்த விக்க வந்தியா?" என்றார். நான் பதிலுக்கு, நீங்கள் துப்பாக்கியோடு கொடுத்துவிட்டுப் போன பழைய குறி அட்டையை, அந்தப் பத்துக் குண்டும் ஒரே ஓட்டையாக விழுந்த அட்டையை, வெர்னாம்மா முன்னால் பெருமையாக வைத்தேன். அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அட்டைய எடுத்து உள்ள வைடா. மத்த ஊர்ல பர்சுல பொண்டாட்டி போட்டோ வெச்சிருப்பானுங்க. இங்க ஒவ்வொருத்தனும் வாழ்க்கைல ஒரு தடவ சுட்ட நல்ல அட்டைய வெச்சிருக்கான். நான் அட்டைய மாத்திக்க வரல."

"என் பர்சுல ரெண்டும் இருக்கு" என்றார் ஹெர்ப்.

"ஆமா, ரெண்டுமே முப்பது வருஷத்துக்கு முந்தினது."

அப்புறம் அந்தம்மா உங்கள் துப்பாக்கியைச் சோதித்தார் பாருங்கள், எனக்குப் பொண்ணு பார்க்க வந்த வீட்டில் நிற்பதுபோல் இருந்தது. பஞ்சு ஒன்றை எடுத்துக் குழல் வாயைச் சுற்றித் தடவினார். எங்காவது பிசிறு இருந்தால் நூல் மாட்டுமாம், மாட்டவில்லை. கட்டையைக் குழலோடு பிடிக்கும் திருகுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வெறும் விசையை இழுத்தார். "ம்ம்" என்றார். அந்த ‘ம்ம்’மில் எனக்கு மே மாதமே வந்துவிட்டது. அடுத்து விரல் கட்டையில் போய் உப்புத்தாள் போட்ட இடத்தில் நின்றது.

"இங்க யாருடா தேய்ச்சது?"

"நான்தான்... கொஞ்சம் அழகா இருக்கட்டும்னு..."

"பழைய பூச்சு போச்சுன்னா பாதி மதிப்பு போச்சு. கிழவிக்கு மை பூசி கல்யாணத்துக்கு நிறுத்துவியா?" என்றார். விரலை எடுத்தார். "சரி விடு. நான் அலமாரில வைக்க வாங்கல, சுடத்தான் வாங்குறேன். குழல் எப்படி?"

"கண்ணாடி மாதிரி இருக்கு வெர்னாம்மா!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

இங்கேயாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். இல்லை மாமா, நானும் சோதிக்கத் தெரிந்தவன் என்று காட்ட வேண்டாமா? ஆர்வினின் துப்பாக்கியை வாங்கி டார்ச்சை அடித்தேன். உள்ளே பாதி வழியில் கருப்பாக ஒன்று. எல்லார் காதிலும் விழும்படி, "குழல்ல அரிப்பு இருக்கு! துரு தின்னிருக்கு!" என்றேன். மொத்தக் கிளப்பும் திரும்பிப் பார்த்தது. செத்துப்போன மனுஷனின் துப்பாக்கி, அவர் பெண்சாதி எதிரே நிற்கிறார். வெர்னாம்மா துணி ஒன்றை உள்ளே விட்டு இழுத்தார். என்னுடைய ‘துரு’ பஞ்சுத் துணுக்காக வெளியே வந்து மேஜைமேல் விழுந்தது. ஹெர்ப் அதை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, "அடேங்கப்பா, எவ்வளவு பெரிய துரு" என்றார்.

அப்புறம் வழக்கப்படி சுடுதல். உங்களுக்குத் தெரியும், அவரவர் எதிராளி துப்பாக்கியால் ஐம்பது கஜத்தில் பத்துக் குண்டு, சாக்குச் சொல்லக்கூடாது. நான் முதலில். கட்டை இடது கன்னத்துக்குச் செதுக்கியது, குண்டு போட இழுக்கும் போல்ட் இடது பக்கம், என் கை எல்லாம் வலது பக்கம். கழுத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி வளைந்து படுத்துச் சுட்டேன். சுட்டு முடித்துப் பார்த்தால் என் அட்டையில் ஆறு ஓட்டை. மிச்சம் நாலு எங்கே என்று தேடினால், பக்கத்து வரிசையில் சும்மா பொழுதுபோக்காகச் சுட்டுக்கொண்டிருந்த ஹெர்ப்பின் அட்டையில்! அதிலும் ஒன்று நட்டநடுவில். "இது யாருதுன்னு கேக்காதீங்க, என்னுதுதான்" என்று ஹெர்ப் அந்த அட்டையை மடித்து அப்போதே பர்சில் வைத்துக்கொண்டார்.

அடுத்து வெர்னாம்மா, உங்கள் துப்பாக்கியோடு. மாமா, எப்படிச் சொல்வேன்? அந்தம்மா பாறை மாதிரி படுத்திருந்தார், மூச்சுகூட அசையவில்லை. முதல் குண்டு அட்டையின் கீழ் மூலை. இரண்டாவது மேல் மூலை. மூன்றாவது அட்டையே இல்லை, மரச்சட்டத்தில். கோழிக்குத் தீனி எறிந்த மாதிரி பத்தும் பத்து ஊருக்குப் போயின. அவர் எழுந்து, ரொம்ப மெதுவாகத் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எமில் சுட்டப்ப இது இப்படி இல்லையேடா."

"வயசாயிடுச்சு வெர்னா. அவன் கண்ணு போன மாதிரி இதுக்கும் போயிடுச்சு" என்றார் ஹெர்ப். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

"கிப்பு, தப்பா நெனச்சுக்காத. நாளைக்கு சாயங்காலம் துப்பாக்கிச் சந்தைலருந்து ஒரு ஆள் வர்றான், புதுசா வலக்கை ஒண்ணு வெச்சிருக்கான். அவன்கிட்ட மாத்திக்கிறேன். உன் மாமாகிட்ட நானே பேசறேன்."

"வேணாம், நானே எழுதறேன்" என்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதைத்தான் இப்போது, மறுநாள் காலை, எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, முடிந்தது மாமா. நீங்கள் சமையலறையில் துடைப்பக் கட்டையை இடது தோளில் வைத்து, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்த பொம்மையைக் குறி பார்த்துப் பழகுகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அதைக் கீழே வைத்துவிடுங்கள். சத்தியமாக, என்னால் அதை நினைக்க முடியவில்லை. இந்த ஊரில் வேறு இடக்கைத் துப்பாக்கி கிடையாது, இருந்தாலும் உங்களுடையதை இனி ஒருத்தனும் தொடமாட்டான், இந்த நேரத்துக்கு ஹெர்ப் மூன்று ஊருக்குச் சொல்லி முடித்திருப்பார். மீன் பிடியுங்கள். மீனுக்கு ஒரு கண் போதும். நீங்கள் சுடும்போது மாட்டிக்கொள்ளும் கோட்டு ஒன்று இருக்கிறதே, அதை அம்மா கொல்லைப்புறச் சோளக்கொல்லை பொம்மைக்குக் கேட்கிறாள், தரலாமா என்று எழுதுங்கள். நான் காலேஜையும் முடிக்கவில்லை, ஒரு துப்பாக்கியையும் மாற்றவில்லை. தொட்டிதான் கழுவத் தெரியும், கழுவிக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் முழங்கால் வலி குறையட்டும். அரிசோனா வெயில் உங்களிடம் கொஞ்சம் மட்டு மரியாதையோடு நடந்துகொள்ளட்டும். அம்மா அன்பைச் சொல்லச் சொன்னாள், நாய் வாலை ஆட்டியது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேரைக் கெடுத்த மருமகன்,
கிப்

பின்குறிப்பு: மேல எழுதினது எதையும் நம்பாதீங்க மாமா! கடிதத்த உறைல போட்டுட்டு, அந்தத் துப்பாக்கி மேல இருந்த கோவத்துல, உங்க பெட்டில மிச்சம் இருந்த தோட்டாவ தீர்த்துடலாம்னு கொட்டகைக்குப் பின்னால போனேன். முதல்ல நேத்து மாதிரியேதான், கண்ட இடத்துக்குப் போச்சு. சுட்டுக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரத்துல அலையறது நின்னுச்சு. அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணு. கடைசிப் பத்தும் ஒரே ஓட்டை மாமா, ஒரு சின்னக் காச வெச்சு மூடிடலாம்! ஓடிப்போய் வெர்னாம்மாவுக்குப் போன் போட்டேன்.

"டேய், நேத்து வர்றதுக்கு முன்னாடி குழல என்ன பண்ணின?"

"தேய்ச்சேன்."

"எவ்ளோ?"

"சீஸ் தொட்டி அளவுக்கு. எண்ணெயும் விட்டேன்."

 அந்தப் பக்கம் அப்படி ஒரு சிரிப்பு. "அடப் பாவி! கண்ணாடி கண்ணாடின்னியே, இதுதானா? இந்த மாதிரிக் குழலுக்குள்ள தோட்டாவோட மெழுகு படிஞ்சாத்தான்டா ஒழுங்கா சுடும்! எமில் பக்குவமா படிய வெச்சத ஒரு வாரத்துல அம்மணமாக்கிட்டியே! இரு, ஆர்வினோடத எடுத்துக்கிட்டு இப்பவே வர்றேன். சந்தைக்காரன் வர்றதுக்குள்ள முடிச்சிடுவோம். என் கையால பத்து சுடணும், அவ்ளோதான். மறுபடி பிரஷ்ஷ மட்டும் போட்டு வெச்சியோ, நான் வண்டியத் திருப்பிட்டுப் போயிடுவேன். போடலையே?"

"இல்ல, இல்ல"ன்னு சொன்னேன்.

மாமா, அப்படி ஒரு அழகா சுட்ட துப்பாக்கிய அழுக்கோட விட எனக்கு மனசு வரல. போன் போடறதுக்கு முன்னாடியே ஒரு சுத்து தேய்ச்சு முடிச்சிருந்தேன். ‘இல்ல’ன்னு சொன்னப்ப பிரஷ் இந்தக் கைலதான் இருந்துச்சு.

பெட்டில இன்னும் கொஞ்சம் தோட்டா இருக்கு. மறுபடி மெழுகு படியற வரைக்கும் சுடணும், அந்தம்மா வண்டி பாலம் தாண்டி வர்றது ஜன்னல்ல தெரியுது. துடைப்பத்தக் கீழ வெச்சிடாதீங்க. அந்தக் கோட்டு, அத அம்மாவுக்குக் குடுக்காதீங்க. வெர்னாம்மா உங்களுக்குப் போன் பண்ணி, நீங்க அட்டைல கேட்ட அதே கேள்வியக் கேட்டா, அவன் தொடவே இல்லன்னு சொல்லிடுங்க. ஐயோ, வாசலுக்கே வந்துட்டாங்க, நான் போறேன்