எளாவூரில் நான் வாதாடிய வழக்கு

கும்மிடிப்பூண்டியின் முதல் டிஜிட்டல் வக்கீல் ஆகிவிடுவது என்று ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

எல்லாம் என் மனைவி விக்டோரியாவால் வந்தது. நான் பொன்னேரி கோர்ட்டில் நீதிபதி முன்னால் போய் நிற்கும்போதுதான் அவளுக்குக் கறிவேப்பிலை தீர்ந்துபோகும். ஃபோன் அலறும். நீதிபதி என்னைப் பார்ப்பார். நான் பக்கத்து வக்கீலைக் கோபமாகப் பார்ப்பேன். இதற்கு ஒரு முடிவு கட்ட, கோர்ட்டு ஆப்பை நானே அவள் ஃபோனில் இறக்கிக் கொடுத்தேன்.

"இதோ பாரு. வக்கீல் பேருங்கற எடத்துல சின்னதுரைன்னு என் பேரைப் போடு. என் கேஸு அத்தனையும் வரும். யாரு யாரு மேல போட்டது, என்னிக்கு நடந்தது, அடுத்து என்னிக்கு, எல்லாம் இருக்கும். கேஸு இருக்கற அன்னிக்கு ஃபோன் பண்ணாத."

"ஊட்டுலருந்தே பாத்துக்கலாமா?"

"பாக்கறது இன்னா? ஜட்ஜு சரின்னா வக்கீலே ஊட்டுல உக்காந்துக்கினு வீடியோல ஆஜர் ஆவலாம். கோர்ட்டு இனிமே என் பாக்கெட்டுல!"

"அப்டியா?" என்றாள். அதோடு மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மற்ற வக்கீல்களுக்குக் கோர்ட் பிழைப்பு. எனக்கு அது அடைக்கலமும்கூட. விக்டோரியா பக்கத்து விசேஷம் எதுவானாலும், "அன்னிக்கு கோர்ட்டு இருக்குதும்மா" என்ற ஒரே வரியில் தப்பித்துவிடுவேன். அவள் சொந்தக்காரர்கள் தங்கமானவர்கள். ஆனால் வக்கீலைக் கண்டால் போதும், "மாப்ள, ஒரு சின்ன சந்தேகம்" என்று பட்டாவைப் பிரித்துவிடுவார்கள். பிரியாணி ஆறிப்போகும். அவர்கள் பாகப்பிரிவினை முடியாது.

அவளுடைய அண்ணன் அந்தோணி சிப்காட்டில் கம்பி ஆலையில் வேலை பார்க்கிறவர். எளாவூரில் வீடு கட்டி முடித்திருந்தார். வெள்ளிக்கிழமை ஃபாதர் வந்து ஜெபம் பண்ணி வீடு மந்திரிக்கிறார், விருந்தும் உண்டு என்று செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை எனக்குக் கோர்ட்டில் ஒன்றும் இல்லை. மனைவி இல்லாத வீட்டில் ஃபேனுக்குக் கீழே படுத்துக்கிடக்கும் சுகம் அப்போதே கண்முன் வந்துவிட்டது.

"வெள்ளிக்கெழமையா? அடடா, கோர்ட்டும்மா! கடைசி வாதம்."

"எந்தக் கேஸு?"

இப்படி ஒருநாளும் கேட்டவள் இல்லை. எளாவூர் என்று காதில் விழுந்த வேகத்தில் எளாவூர்க் கேஸே வாயில் வந்துவிட்டது.

"அஞ்சம்மாள் கேஸு. அந்தம்மா ஊட்டுக்குப் போற வழிய மறிச்சு, பக்கத்து ஊட்டுக்காரன் சொவரு எழுப்பிட்டான்ல, அது."

விக்டோரியா ஃபோனில் எதையோ தட்டினாள். மளிகைக்குச் சொல்கிறாள் என்று சும்மா இருந்தேன்.

"வீடியோல ஆஜர் ஆயிடுங்க. அண்ணன் ஊட்டுல வைஃபை போட்டுக்கீது. உங்களுக்குன்னு ஒரு ரூம்பு ஒழிச்சுத் தரச் சொல்றேன்."

"நேர்ல போனாத்தான் மருவாதி..."

"கோர்ட்டு பாக்கெட்டுல இருக்குதுன்னீங்களே. இருக்கா, இல்லியா?"

இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை ஃபாதர் மந்திரித்து முடித்ததும், பெயின்ட் வாசனை போகாத ஓர் அறையில் என்னை விட்டுக் கதவைச் சாத்தினார்கள். கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை. எதிரே என் முகத்தையே காட்டிக்கொண்டு ஃபோன்.

"யாரும் சத்தம் போடாதீங்கப்பா! மாப்ள கோர்ட்டுல கீறாரு!" என்று அந்தோணி வெளியே அதட்டினார். வீடே அடங்கியது. வாதாடாமல் முடியுமா?

"கனம் கோர்ட்டார் அவர்களே" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். போகப்போகச் சூடு பிடித்தது. ஒரு விதவைத் தாய் குடத்தைச் சுமந்துகொண்டு தன் வீட்டுக்கே ஊரைச் சுற்றிப் போவதா என்று கேட்டேன். எதிர்க்கட்சி வக்கீலாக மாறி என்னை நானே ஆட்சேபித்தேன். அந்த ஆட்சேபணையைத் தவிடுபொடி ஆக்கினேன்.

முடித்துக்கொண்டு கதவை ஒரு விரல் அளவு திறந்து பார்த்தேன். கூடம் நிறைய ஜனம். முன்வரிசையில் மூன்று பேர் கையில் பட்டா. வெளியே போனால் சின்ன சந்தேகம். உள்ளேயே இருந்தால் பட்டினி. பழவேற்காட்டு இறால் வறுபடும் வாசனை கதவிடுக்கில் வந்து என்னை இழுத்தது. ஆனாலும் பட்டாவுக்குப் பயந்து மறுபடி "கனம் கோர்ட்டார் அவர்களே" என்றேன்.

கடைசியில் பிரியாணி தேக்சாவைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. பதறிப்போய் வெளியே வந்தேன்.

"ஜெயிச்சுட்டோம்!"

கைதட்டல். விக்டோரியா ஒரு தட்டை நீட்டினாள். அதில் வெங்காயப் பச்சடி மட்டும் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"போன மாசம் எங்க சித்தி பொண்ணு சுகிர்தா கல்யாணத்துல அல்லாரும், எங்க உன் ஊட்டுக்காரருன்னு கேட்டாங்க. கோர்ட்டுல கீறாருன்னு பெருமையா சொல்லிக்கினு நின்னேன். ஆப்ல பாத்தா அன்னிக்கு உங்களுக்கு ஒரு கேஸும் இல்ல. இன்னிக்கும் இல்ல."

தட்டைக் கீழே வைத்தேன். பொய் சொன்னதைவிட, அதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு நின்றாளே, அதுதான் உறுத்தியது. ஒரு பிரியாணிப் பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்?

அப்போது கூடத்தின் பின்னாலிருந்து ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். சாட்சாத் அஞ்சம்மாள்.

"ஆப்ல பேரு இருந்துச்சு. விசாரிச்சா அண்ணனுக்கு அடுத்த தெருவாம். அதான் விருந்துக்குக் கூப்ட்டேன்" என்றாள் விக்டோரியா.

"வக்கீலய்யா, ஜெயிச்சுட்டோமா? அப்ப சொவத்த எப்பய்யா இடிப்பாங்க?" என்று கேட்டார் அஞ்சம்மாள்.

கூடமே என் வாயைப் பார்த்தது.

"இது வந்து... ஒத்திகைம்மா."

"ஒத்திகையா?" அவர் முகம் வாடியது. "கோர்ட்டுல வாய்தா, வாய்தான்னு வேற தேதி வாங்கிக்கினு வந்துடுவீங்க. நீங்க பேசி நான் கேட்டதே இன்னிக்குத்தான். எனக்கு அழுவையே வந்துடுச்சு. இதையே அங்க என்னிக்குய்யா பேசுவீங்க?"

பேசுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடுத்த தேதி எனக்கு ஞாபகம் இல்லை.

"வர்ற செவ்வாக்கெழம பேசுவாரு அக்கா, ஆப்ல போட்டுக்கீது" என்றாள் விக்டோரியா. "நானும் வந்து உன் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."