தூண்டிலுக்கு லூஸ் விட்ட கதை

அன்பும் பண்பும் நிறைந்தவன் என்று போன மாதம் வரை நான் நம்பியிருந்த என் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவர் வீட்டில் நெருப்பைப் பற்றவைத்துவிட்டுக் கப்பலேறிப் போகிறவர்களுக்கு ஒரு குறையும் வராது. உன் கப்பலில் எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறதா? ஓடட்டும். இங்கே என் தையல் மெஷின் ஓடவில்லை. அதற்குக் காரணம் நீ. எப்படி என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

ஊரில் இருக்கிற தராசையெல்லாம் சோதித்துக் கடைக்காரர்களை அழவைத்த உன் அத்தான், ஓய்வு பெற்ற மறுநாளே என் தையல் அறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு என்னைச் சோதிக்க ஆரம்பித்தார் என்பது உனக்குத் தெரியும். மடிப்பு கோணல், பொத்தான் ஒரு நூல் கீழே, காலர் ஒரு பக்கம் தூக்கல். நான் பொறுத்துக்கொண்டேன். கட்டின பாவத்துக்கு நான் பொறுக்கலாம், துணி கொண்டு வருகிறவர்கள் ஏன் பொறுக்க வேண்டும்? மருந்துக்கடை அம்மா அளவு கொடுக்க வந்தபோது, "போன தடவைக்கு இடுப்பு ஒன்றரை இஞ்ச் ஏறியிருக்கே, சொந்தக் கடை மருந்தே சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். இன்னும் நாலு பேர் இப்படிப் போனால் மெஷினுக்கு உறை போட்டு மூட வேண்டியதுதான் என்று உனக்குப் போன் போட்டு அழுதேன். நீ சொன்னாய், "அத்தானைக் கடலுக்கு மீன் பிடிக்க அனுப்புக்கா. நல்ல தூண்டில் ராடு ஒண்ணு, நூல் சுத்துற நல்ல ரீல் ஒண்ணு. காலைல போனா சாயங்காலம்தான் வருவாரு." என் வயிற்றில் பாலை வார்த்தாய். அதோடு நிறுத்தினாயா? போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, "ரெடிமேடா வாங்காதீங்க அத்தான், உங்க கைக்குன்னே அளவெடுத்துக் கட்டச் சொல்லுங்க" என்றாய். அளவு என்ற சொல்லை அந்த மனுஷன் காதில் போய்ப் போட்டாயே, உன் அறிவுக்கு ஒரு சிலை வைக்கலாம்.

அன்றிலிருந்து மீன் பிடிக்க வேண்டியவர் தூண்டில் பிடிக்க அலைந்தார். முதலில் ரீல் வந்தது. உப்புத் தண்ணி அரிக்காத ரீலாம், உள்ளே ஒரு பொட்டுத் தண்ணி போகாதாம், அதை நிரூபிக்க என் சாதம் வடிக்கிற பாத்திரத்தில் அரை நாள் ஊறப்போட்டார். கடலைக் கண்ணால் பார்க்காத ரீலை உப்பு போகணும் என்று நல்ல தண்ணீரில் தினமும் கழுவித் துடைத்தார். சாப்பிடும்போது ஒரு கையில் சோறு, ஒரு கையில் ரீல், கிர்ர் கிர்ர் என்று சுற்றிக்கொண்டு, "சத்தம் கேட்டியா, வெண்ணெய் மாதிரி இருக்குல்ல?" என்பார். கோலைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று துடைப்பக் கட்டையை வைத்துக்கொண்டு கூடத்தில் வீசிப் பழகினார். கூடத்து விளக்கு இப்போது இல்லை. நுனி மட்டும் வளையுற கோலா, நடு வரைக்கும் வளையுற கோலா என்று என்னைக் கேட்டார். என் முதுகு வளைஞ்சதை இத்தனை வருஷத்துல கேட்டதில்லை.

தூண்டில் கட்டித் தருகிறவர் பாவம், நல்ல மனுஷன். "பாலத்துல நின்னு வீசுவீங்களா, படகுல போவீங்களா? என்ன மீனு? எவ்வளவு எடை?" என்று கேட்டிருக்கிறார். இவர், "எந்த மீனா இருந்தாலும் சரியான எடை இருக்கணும்" என்றாராம். அவர் அதையும் எழுதிக்கொண்டு, ரீலுக்குக் கீழே வருகிற கைப்பிடி முழங்கைக்குள் அடங்க வேண்டும், கை அளவு வேண்டும் என்றிருக்கிறார். உன் அத்தான் ஓடி வந்து என் முன்னால் கையை நீட்டினார். கையில் அவசரத் தையல், வாயில் குண்டூசி, டேப்பைப் பிடித்தேன், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தம்பி, இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. இத்தனை வருஷப் பழக்கம், கை அளவு எடுத்தால் சட்டைக்கு எடுக்கிற மாதிரி ரெண்டு இஞ்ச் லூஸ் விட்டுத்தான் என் கை எழுதும். தூண்டிலுக்கும் லூஸ் விட்டுட்டேன்.

அது தெரியறதுக்குள்ள இன்னொரு கூத்து. கடையில கோலையும் கைப்பிடியையும் ஒட்டினதுமே, நூல் ஓடுற வளையத்தை மட்டும் நானே கட்டுறேன்னு சொல்லி உன் அத்தான் அதை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாரு. பத்தடி கோல். என் அறை, என் விளக்கு, என் நூல். யாரோ அவசரமா கேட்ட உடுப்புக்கு வாங்கி வச்ச நீல நூலால ஒவ்வொரு வளையத்தையும் கோலோட சேத்துச் சுத்திக் கட்டி, மேல பசையைப் பூசினாரு. பூசின பசை ஒரு பக்கமா வழியாம இருக்கணும்னா காயுற வரைக்கும் கோலை மெதுவா உருட்டிக்கிட்டே இருக்கணுமாம். அதுக்குன்னு மோட்டார் விக்குறாங்க. இவரு வாங்குவாரா? கைப்பிடியை என் மெஷின் சக்கரத்துல கட்டி, நுனியை வாசல்கிட்ட ஒரு ஸ்டூல்ல சாச்சு, "நீ சும்மா மிதி, மெதுவா மிதி, சீரா மிதி"ன்னுட்டாரு. துணியே இல்லாம நான் பாதி நாள் மெஷின் மிதிச்சேன் தம்பி. தெருவுல போறவங்க எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பாத்துட்டுப் போனாங்க. அந்த நேரம் பாத்து மருந்துக்கடை அம்மா கோபம் தணிஞ்சு திரும்பி வந்தா. குனிஞ்சு கோலுக்கு அடியில நுழையறா, பசையில முடி ஒட்டிக்குது, நான் கவனிக்காம மிதிக்க மிதிக்க அவ கூந்தல் கோல்ல சுத்திக்கிட்டே வருது. இவரு என்ன சொன்னாரு தெரியுமா? "நிறுத்தாதே, பசை வழிஞ்சிடும்." கடைசியில நான்தான் கத்திரிக்கோல் எடுத்தேன். மூணாவது வளையத்துல அந்த அம்மா முடி பளபளன்னு இன்னும் இருக்கு. இனிமே அவ வருவாங்கறே?

சரி, இதோட ஒழிஞ்சுது, கடலுக்குப் போயிடுவாருன்னு நினைச்சேன். போனாரு. முதல் நாளே மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிட்டாரு. ரீலைச் சுத்தும்போதெல்லாம் கைப்பிடி அடி விலாவுல குத்துதாம். சட்டையைத் தூக்கிக் காட்டினாரு, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கன்னிப் போயிருக்கு. நான் விட்ட ரெண்டு இஞ்ச்தான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. நேரா தூண்டில் கட்டினவர்கிட்ட சண்டைக்குக் கிளம்பினாரு, நானும் பின்னாடியே ஓடினேன். அவர், "நீங்க கொடுத்த அளவுதான் சார், அளவுதான் தப்பு"ன்னாரு. அதுக்கு உன் அத்தான் கடை முழுக்கக் கேக்குற மாதிரி, "அளவு எடுத்தது என் வீட்டுக்காரி. அவ டேப் பிடிச்சா தப்பே வராது. வேற என்ன வேணாலும் சொல்லுங்க, அதைச் சொல்லாதீங்க"ன்னாரு.

கல்யாணமான நாள்லேருந்து என் வேலையை ஒரு வார்த்தை நல்லதா சொல்லாத மனுஷன். சொன்னது நான் தப்பா எடுத்த இந்த அளவுக்குத்தான். எனக்கு அழுகை வந்துடுச்சுடா. வெக்கமாவும் இருந்துச்சு. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல முடியல.

இப்போது ராடு மூலையில் நிற்கிறது, அவர் பழையபடி நாற்காலியில், "கடைக்காரன் தப்பை ஒத்துக்கிற வரைக்கும் போக மாட்டேன்" என்கிறார். ஆகவே உன் கப்பல் கரைக்கு வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே வருகிறாய். கையில் ஒரு சின்ன ரம்பத்தோடு வருகிறாய். "புதுக் கோல்ல கைப்பிடியை முதல்ல நீளமாத்தான் கட்டுவாங்க அத்தான், நாலு தடவை வீசின பிறகுதான் வெட்டணும், அதைச் சொல்ல நான்தான் மறந்துட்டேன்" என்று உன் வாயால் சொல்கிறாய். பழி உன்மேல் விழட்டும், உனக்குத் தாங்கும். அவர் கடலுக்குப் போகட்டும், என் அறை எனக்கு வரட்டும், என் அளவு அவர் மனசில் அப்படியே இருக்கட்டும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு ஆசி ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிந்த பிறகு.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் கோபமாக இருக்கும்,
அக்கா

பின்குறிப்பு: மச்சான், இது அத்தான் எழுதுறது. ஒட்டின உறையைத் தபாலில் போடச் சொல்லி உங்க அக்கா என்கிட்ட கொடுத்தா. எடை பார்த்தேன், ஒட்டியிருந்த ஸ்டாம்புக்கு எடை கூடுதலா இருந்துச்சு. கூடுதல் எங்கேயிருந்து வருதுன்னு பிரிச்சுப் பாக்குறது என் தொழில் தர்மம். அந்த ரெண்டு இஞ்ச் எனக்கு அன்னிக்கு அவ சீட்டுல எழுதும்போதே தெரியும். என் கை அளவு எனக்குத் தெரியாதா? தப்புன்னு சொன்னா இனிமே ஒவ்வொரு துணியையும் நாலு தடவை அளந்துட்டுத்தான் வெட்டுவா, அதனால சொல்லல. இன்னொண்ணு, எனக்கு மீன் பிடிக்காது, வெயில் அதைவிடப் பிடிக்காது. அவ மெஷின் மிதிக்கிற சத்தம் கேக்காத இடத்துல முழு நாள் உக்காந்து நான் என்ன பண்றது? நீங்க வாங்க, சாப்பிடுங்க. ரம்பத்தை மட்டும் கப்பல்லயே விட்டுட்டு வாங்க.