அவசரப்பட்ட வானம்

மேடைக்குப் பின்னால் வேலை பார்ப்பவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றால், அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் அதுதான் பெரிய பாராட்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் என்னைப் போல் தோற்றுப்போன ஆள் கிடையாது. என்னைப் பற்றி இன்றுவரை பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அதுவும் சொந்தக்காரர்கள்.

பெரம்பலூரில் ஒரு கலைக் கல்லூரியில் மேடை வடிவமைப்பும் பின்மேடை நிர்வாகமும் படித்தேன். (இப்படியும் ஒரு படிப்பு இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அரியலூரில் எங்கள் தெருவே கேட்டு முடித்துவிட்டது.) மேடையில் வீடு கட்டுவது, வெளிச்சம் போடுவது, யார் எப்போது எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்று பார்ப்பது, இதெல்லாம் எங்கள் பாடம். அம்மாவுக்கு இதை விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டில் "பவித்ரா மேக்கப்பு படிக்குது" என்று சொல்லி வைத்திருந்தார்.

அப்பா அப்படி விடுகிற ஆள் இல்லை. அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். எந்த வேலையாக இருந்தாலும், ஏற்றினது என்ன, இறக்கினது என்ன என்று கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்.

"மேடைக்கு நீ வர மாட்ட. ஆட மாட்ட, பாட மாட்ட. அப்ப அங்க என்னதான் பண்ணுவ?"

"அதெல்லாம் நடக்கறதுக்கு ஏற்பாடு பண்ணுவேன்ப்பா."

"அதுக்கு எதுக்கும்மா காலேஜு?"

இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வு நெருங்கியபோது அவரே ஒரு முடிவுக்கு வந்தார். "உங்க நாடகத்த வந்து பாக்குறேன். நீ பண்றது வேலதான்னு எனக்குப் பட்டுச்சுன்னா மேல படி. இல்லன்னா வர்ற வருசம் நம்மூர்லயே பி.காம் சேந்துக்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் நிச்சயம் செய்துவிடுவார்.

கல்லூரி அரங்கத்தில் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் அந்த வருடம் நாடகத்தை அரியலூரில் ஒரு மண்டபத்தில் போடுவதாக ஏற்பாடு. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஆக, மொத்தக் குடும்பமும் வரும். நாடகம், மழை இல்லாமல் தவிக்கும் ஒரு விவசாயக் குடும்பத்தைப் பற்றியது. கடைசிக் காட்சியில் மழை வரும். மேடை வடிவமைப்பும் நிர்வாகமும் என் பொறுப்பு. வெளிச்சம், சத்தம் எல்லாம் என் தோழி நஸ்ரின்.

அப்போது எனக்கு வயது பத்தொன்பது. மேடையைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி எதுவும் மிச்சமில்லை என்று உறுதியாக நம்பினேன். மழைக்குச் சத்தமும் வெளிச்சமும் போதும் என்றார் ஆசிரியர். எனக்குப் போதவில்லை. நிஜத் தண்ணீர்தான் விழ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வேப்பந்தட்டையில் மாமா கொல்லையில் சுருட்டிக் கிடந்த சொட்டுநீர்க் குழாயை வாங்கி வந்து, மேடைக்கு மேலே கட்டி, டிரம்மில் தண்ணீர் நிரப்பி, நஸ்ரின் கைக்கெட்டும் இடத்தில் வால்வு வைத்தேன். திறந்தால் மழை, மூடினால் வெயில். கடவுளுக்கு அடுத்தபடி நான்தான் என்று நினைப்பு.

அதோடு விட்டேனா? அந்த விவசாயியின் வீட்டுச் சுவரை மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கட்டி, அங்கே முன்பக்கமாகத் திருப்பிவிட்டேன். மூங்கில் சட்டம், அதன் மேல் துணி, துணியின் மேல் மண்ணும் பசையும். அவ்வளவு தத்ரூபம். அதில் இரண்டு சின்னக் குறைகள். திருப்பிய சுவருக்கு அந்தப் பக்கம் லைட் போர்டு முன்னால் உட்கார்ந்த நஸ்ரினுக்கு மேடை துளிகூடத் தெரியாது. சுவர் மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி நின்றதால், நான் நின்ற பக்கத்திலிருந்து அவள் பக்கம் போக மேடையைத் தவிர வேறு வழியும் கிடையாது.

இதற்கும் நானே ஒரு தீர்வு கண்டுபிடித்தேன். நஸ்ரினின் போனை அதிர்வில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டியது. நான் மிஸ்டு கால் கொடுப்பேன். ஒவ்வொரு முறை அதிரும்போதும் அடுத்த மாற்றம். முதலில் மாலை. அப்புறம் இரவு, நிலா, இடி மின்னல், மழை, விடியல், வரிசையாக. போன் வெளிச்சம் மேடைக்குத் தெரியக்கூடாது என்று அதன் முகத்தில் கறுப்பு டேப்பை நானே ஒட்டினேன்.

"வேற யாராச்சும் கூப்ட்டா என்னடி பண்றது?" என்றாள் நஸ்ரின்.

"நாடக நேரத்துல உன்ன யாரு கூப்பிடப் போறா? வசனத்தக் கேட்டுக்கிட்டு எதையும் மாத்தாத. மணிகண்டன் பக்கம் பக்கமா முழுங்கிருவான். போன மட்டும் நம்பு."

மணிகண்டன்தான் விவசாயி வேடம். ஜெயங்கொண்டத்துக்காரன். மனப்பாடம் வராது, ஆனால் வாய் நிற்காது. பெரம்பலூரில் ஒத்திகை பார்த்தபோது எல்லாம் தேர் போல் நகர்ந்தது. நாங்கள் மிட்டாய் வாங்கித் தின்றோம்.

நாடக நாள் மாலை. மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில், வெளியிலிருந்து தேர்வுக்கு வந்திருந்த அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு ஆட்களைத்தான் இன்னும் காணவில்லை. திரை விலகியது. நான் மிஸ்டு கால் கொடுத்தேன். மஞ்சள் வெயில் அழகாகப் பரவியது. எனக்கே கண் கலங்கியது.

மணிகண்டன் நெற்றியில் கையை வைத்து, "இந்த வெயிலு என்னிக்குத்தான் தணியுமோ" என்று ஆரம்பித்தான். அந்த நேரத்தில் என் கையிலிருந்த போன் அதிர்ந்தது. அம்மா. கட் செய்தேன். திரும்பவும் அம்மா. திரும்பவும் கட் செய்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் போனை எடுக்காவிட்டால் நஸ்ரினுக்குப் போடுவது விடுதியில் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். சாப்பிட்டாளா, காய்ச்சல் விட்டதா, ஏன் எடுக்கவில்லை, எல்லாவற்றுக்கும் நஸ்ரின். அது எங்கள் ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்கு மறந்துவிட்டது.

மேடையில் பொழுது பொசுக்கென்று இருட்டியது.

"மண்டையப் பொளக்குது வெயிலு" என்ற வசனத்தை மணிகண்டன் கும்மிருட்டில் சொன்னான். யாரோ சிரித்தார்கள். மண்டப வாசலில் நின்றபடி, எங்கே உட்காருவது என்று கேட்க நஸ்ரினுக்கு அடித்த அம்மா, அவளும் எடுக்கவில்லையே என்று மறுபடி அழைத்திருக்கிறார். நிலா வந்தது. மணிகண்டன் நிலாவை அண்ணாந்து பார்த்தான். பிறகு மனைவியாக நடித்த ஜோதியைப் பார்த்து, "இப்பல்லாம் பொழுது எங்க நிக்குது, ஓடில்ல போவுது" என்றான். மண்டபம் குலுங்கியது.

நஸ்ரினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். பதறிப்போய், கொஞ்சமும் யோசிக்காமல், அவளுக்குப் போன் போட்டேன்.

இடி இடித்தது. மின்னல் வெட்டியது. (படித்தவள் செய்கிற வேலையா இது என்று கேட்பீர்கள். அதை அப்பாவே கேட்டுவிட்டார்.)

கையிலிருந்த போனைப் பாம்பைப் போலக் கீழே வைத்தேன். இனி நானாக எதையும் தொடக்கூடாது, அவள் பாட்டுக்கு அமைதியாக இருப்பாள் என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் வேப்பந்தட்டை மாமா வந்து சேர்ந்திருக்கிறார். அவருக்குத் தன் குழாய் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கவலை. எனக்கு அடித்தார், நான் எடுக்கவில்லை. அம்மாவிடம் இருந்த நஸ்ரின் நம்பரை வாங்கி அடித்தார்.

குழாய் பிரமாதமாக வேலை செய்தது. "ஒரு பொட்டுத் தண்ணிக்கு வழியில்லயே" என்று ஜோதி வானத்தைப் பார்த்துக் கையேந்திய நொடியில் கொட்டியது பாருங்கள் மழை. ஏந்திய கை நிறைந்து முழங்கை வழியாக ஓடியது. அவள் அழ வேண்டிய இடம். நனைந்த கோழியாய் நின்று, "போதும் சாமி" என்றாள். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

டிரம் காலியாகும் சமயம் விடியல் வந்தது. அது குவைத்திலிருந்து நஸ்ரினின் அத்தா. மகளின் நாடகம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார். அவர் நினைத்தது சரிதான், வானத்தின் பக்கம் நாடகம் முடிந்துவிட்டது. மேடையில் இன்னும் முதல் காட்சியே முடியவில்லை.

இதற்கு மேல் நின்று பார்க்க முடியாது. பின்மேடை ஆட்கள் கறுப்புச் சட்டை போடுவது பார்வையாளர் கண்ணில் படாமல் இருக்கத்தான். அந்தத் தைரியத்தில் குனிந்து, சுவரை ஒட்டி, மேடையின் குறுக்கே போனேன். விடியல் வெளிச்சம் முழுதாக எரிகிறது, பின்னால் வெளிறிய மண்சுவர், முன்னால் கறுப்பாய் நான். பாதி தூரம்கூடப் போகவில்லை, மழைத் தண்ணீரில் வழுக்கி மணிகண்டன் காலடியில் போய் உட்கார்ந்தேன்.

மணிகண்டன் என்னைக் குனிந்து பார்த்தான்.

"யாரும்மா நீ, கரண்ட் ஆபீசா?"

எழுந்து ஓடியிருக்கலாம். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "ஆமாங்க. லைன் பாக்க வந்தேன்."

"நல்லதாப் போச்சு. மேல வானத்துலயும் கொஞ்சம் பாத்துட்டுப் போம்மா."

அந்தச் சிரிப்பொலியில் நான் தவழ்ந்தே மறுபக்கம் போய்ச் சேர்ந்தேன். நஸ்ரின் பெருமை பொங்க, "எல்லாம் கரெக்டா போட்டேன்டி, ஒண்ணுகூட வுடல" என்றாள். அவள் இடுப்பிலிருந்து போனைப் பிடுங்கினேன். அது என் கையிலேயே அதிர்ந்தது. எடுத்தேன்.

"நஸ்ரினு, அம்மா பேசுறேன்டா. பவித்ரா மேடையில வுழுந்துட்டாளே, இடுப்புல அடி கிடி பட்டுருச்சான்னு பாரேன். அவ அப்பா பதறுறாரு."

"அம்மா, நான்தான். போன வைம்மா."

"ஏன்டி என் போன எடுக்கல?"

அணைத்தேன். அம்மாவை அல்ல, போனை. பிறகு தச்சுக் கத்தியை எடுத்து, இரவு பகலாகக் கட்டிய என் அருமைச் சுவரில் ஒரு ஓட்டை போட்டேன். துணி கிழிந்த சத்தம் எனக்கு நெஞ்சில் கேட்டது. அதன் வழியாக நான் கண் வைத்துப் பார்த்து, நஸ்ரின் தோளைத் தட்டத் தட்ட, வானம் பழையபடி மாலைக்குத் திரும்பியது. மணிகண்டன் நிலைமையைப் புரிந்துகொண்டு, "நேத்து பேஞ்ச மழைய நம்பி வெதைக்க முடியுமா" என்று ஒரே வரியில் கதையைத் தூக்கி நிறுத்தினான். அவன் முழுங்கிய வசனங்களுக்கெல்லாம் அந்த ஒரு வரி ஈடு.

அதன் பிறகு நாடகம் ஒழுங்காகவே போனது. கடைசி மழைக் காட்சி வந்தபோது டிரம்மில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெளிச்சத்தை மெல்லக் குறைத்தோம். மழைச் சத்தத்துக்காகத் தகரத்தில் அரிசியைச் சரித்தாள் நஸ்ரின். ஜோதி வெறும் கையை நீட்டி, வராத மழையில் நின்றாள். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். இந்த வேலையை விட்டு எங்கேயும் போகக் கூடாது என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

தேர்வாளர் அம்மையார் பின்பக்கம் வந்து ஓட்டையையும் குழாயையும் என்னையும் பார்த்தார். "இவ்வளவு அவசரப்பட்ட வானத்தை நான் பார்த்ததே இல்லை. ரெண்டாவது மழைக்காகப் பாஸ் போடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து அப்பா. அவரைப் பார்த்ததும் எனக்கு பி.காம் புத்தகம் கண்முன் வந்தது. நஸ்ரின் போன் கதையை எல்லாம் கொட்ட, அதைக் கேட்டபடி வால்வைத் திருகிப் பார்த்தார். லைட் போர்டைப் பார்த்தார். அரிசி சிதறிக் கிடந்த தகரத்தை விரலால் தட்டினார்.

"வெயிலு, மழை, நிலா எல்லாம் நீங்க ரெண்டு பேருதானா?"

"ஆமாப்பா."

"உங்க கை தப்புனா மேடையில ஒருத்தனும் நிக்க முடியாது போலருக்கே."

"ஆமாப்பா."

"படிச்ச புள்ள, நிறுத்தச் சொல்றதுக்கும் போனா போடுவ?" என்றார். பிறகு, "பெரிய வேலதான். நல்லாப் படி" என்று சொல்லி, என் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

ஒழுங்காக நடந்திருந்தால் அவருக்குக் கடைசிவரை என் வேலை என்னவென்றே தெரிந்திருக்காது. எல்லாம் கெட்டுப்போனதால்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. என் படிப்பைக் காப்பாற்றியது என் தோல்விதான். அதற்கு நான் அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஆனால் சொல்லவில்லை. சொன்னால் தாங்க முடியாது.

இப்போது நான் நாடகக் குழுக்களுக்கு மேடை நிர்வாகியாக இருக்கிறேன். மாட்டிக்கொள்ள ஒழுங்கான ஹெட்செட் இருக்கிறது. ஊரில் பருவம் தப்பி மழை பெய்தால் மாமா என் அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, யாருக்குப் போன் போட்ட?" என்று கேட்கிறார். போன மாதம் அவர் வீட்டுக் காதுகுத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அப்பாவிடம், பொண்ணு என்ன வேலை பார்க்கிறது என்று விசாரித்தார். அப்பா கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மழை பெய்ய வைக்குது" என்றார்.

எதிர் வரிசையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: "நான் போன் போட்டாத்தான்."