முதல் பக்கத்தில் நான் கொந்தளித்தது பற்றி

மாலைப் பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, உங்கள் பேப்பரில் மூன்று நாள் கொந்தளித்த மூதாட்டி எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பது பேப்பரின் கனத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நான் சுகமாக இல்லை. காரணம் நீங்கள்.

படிப்பு எனக்கு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் ஞாபகத்தில் என்னை அசைக்க முடியாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, உங்கள் சமையல் குறிப்பில் ஒரு சிட்டிகை உப்பு என்று போட வேண்டிய இடத்தில் ஒரு கைப்பிடி என்று போட்டீர்கள். நானும் அப்படியே போட்டேன். அதற்கே இன்னும் திருத்தம் வரவில்லை. சரி, அதை விடுங்கள். நான் விடவில்லை, நீங்கள் விடுங்கள்.

டிவியில் வெள்ளிக்கிழமை வருகிற காமெடியை எழுதுகிறவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. என்னோடுதான் இருக்கிறாள். அதில் வருகிற கிழவி நடப்பது, திட்டுவது, விருந்தாளி வந்தால் ரிமோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுவது எல்லாம் நான்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பூட்டாவிட்டால் சேனலை மாற்றிவிடுவார்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை அந்தக் கிழவி, தான் பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தையே, "பத்து நிமிஷம் லேட்டா ஓடுது, ரிப்பேர் பண்ணிக் கொண்டாறேன்" என்று கழற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டில் மாட்டிக்கொண்டாள். ஐயா, அது நான் செய்ததில்லை! என் கொழுந்தனார் பெண்டாட்டி, என் ஓரகத்தி, செய்தது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், எனக்குக் கொடுத்து மூன்று வாரம்கூட ஆகாமல், இரண்டாவது தடவை காபி வாங்கிக் குடித்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

அந்த எரிச்சலில் உட்கார்ந்திருக்கும்போதா உங்கள் நிருபர் வந்து மணி அடிக்க வேண்டும்? "பாட்டிம்மா, நேத்து காமெடி பாத்தீங்களா? கோவம் வந்துச்சா?" "வராம? யாரோ செஞ்சதுக்கு வயசானவ தலையில பழியா?" "சாப்டீங்களா?" "எங்க சாப்பிடறது? காலையிலதான் பல்லு பிடுங்கினேன்." அப்புறம் கடிகாரக் கதையை முக்கால் மணி நேரம் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார். போட்டோ எடுத்தார். எதிர்வெயில், முகத்தைச் சுளித்தேன்.

மறுநாள் முதல் பக்கம்: "முதியோர் மீது பழி! மூதாட்டி கொந்தளிப்பு!" முக்கால் மணி நேரத்தில் நீங்கள் எடுத்துக்கொண்டது, 'கடிகாரத்தை மறக்க முடியவில்லை என்று மூதாட்டி குமுறினார்' என்கிற ஒரே வரி. அதற்கு மறுநாள்: "அன்னம் தொடாத மூதாட்டி!" கஞ்சி குடிக்கச் சொன்னது பல் டாக்டர். மூன்றாம் நாள்: "நாடே கொந்தளிப்பு!" டிவி ஆபீஸ் வாசலில் என் படத்தைத் தூக்கிக்கொண்டு நாற்பது பேர். நானும் போய்ப் பார்த்தேன். கோஷம் போட்டவரிடம், "நீங்க அந்தக் காமெடிய பாத்தீங்களா தம்பி?" என்றேன். "அந்தக் கண்றாவிய யார் பாப்பா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியம்மா, படம் மறைக்குது" என்றார். என் படத்தை நானே மறைக்கிறேனாம்!

அன்று சாயங்காலமே நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். பேத்திக்கு வேலை இல்லை. சண்டை போட்டாலாவது பரவாயில்லை, பத்து நாளாக என்னை 'நீங்க' என்கிறாள் ஐயா. "பாட்டி, நீங்க மாத்திரை போட்டீங்களா?" பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றவள், பேங்க் கவுண்டரில் பேசுகிற மாதிரிப் பேசினால் எப்படித் தாங்குவது? திட்டுவாளா பார்க்கலாம் என்று நேற்று வேண்டுமென்றே ரிமோட்டை ஒளித்து வைத்தேன். "பரவால்ல பாட்டி, நீங்களே வச்சுக்குங்க" என்றாள். சமையலறைக்குப் போய் அழுதேன்.

நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் போட்ட எழுத்தை அளந்து பார்த்தேன், ஒரு சாண் உயரம். அதே பக்கத்தில், அதே ஒரு சாணில் திருத்தம் வர வேண்டும்: மூதாட்டி கொந்தளித்தது காமெடிக்கு அல்ல, கடிகாரத்துக்கு. ஓரகத்தியின் படம் இத்துடன் வைத்திருக்கிறேன். பின்னால் சுவரில் கடிகாரம் தெரியும். போட்டால் உங்கள் பத்திரிகை நூறு வருஷம் ஓடட்டும், உங்கள் பேரப்பிள்ளைகள் உங்களை 'நீ' என்றே கூப்பிடட்டும். போடாவிட்டால் உப்போடு இதையும் சேர்த்து ஞாபகம் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
கொந்தளிக்காத மூதாட்டி

பி.கு.: முந்தாநாள் கவரை ஒட்டப் போனேன், வாசலில் ஓரகத்தி. கையில் கடிகாரம். டிவியே பார்க்கவில்லையாம், உங்கள் பேப்பரில் அந்த ஒரு வரியை மட்டும் படித்தாளாம். "அக்கா, ஒரு கடிகாரத்துக்கா நாடே கொந்தளிக்கணும்? அந்த நாப்பது பேரும் அடுத்து எங்க வீட்டுக்குத்தானே வருவாங்க? நிறுத்தச் சொல்லுக்கா" என்று அழுதுகொண்டே தானே ஸ்டூலில் ஏறி மாட்டினாள். இந்தத் தடவையும் ஸ்டூலைப் பிடித்தது நான். சத்தம் கேட்டு வந்த பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "பாட்டி, நீ லேசுப்பட்ட ஆள் இல்ல! இத எழுதியே ஆகணும்" என்றாள். 'நீ' என்றாள் ஐயா! அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். டிவிக்காரர்களும் சிரித்துவிட்டு, வரும் வெள்ளி முதல் மறுபடி ஆரம்பிக்கிறார்களாம்.

ஆகவே மேலே எழுதியது எதையும் போட வேண்டாம். நாடு இன்னும் ஒரு வாரம் கொந்தளிக்கட்டும். என் நீலக் குடையும் பெரிய டார்ச் லைட்டும் இன்னும் ஓரகத்தியிடம்தான் இருக்கின்றன. ஒரே ஒரு சேதி மட்டும் முதல் பக்கத்தில், ஒரு சாண் எழுத்தில் வரட்டும். கடிகாரம் இப்போதும் பத்து நிமிஷம் லேட்டாகத்தான் ஓடுகிறது. முப்பத்தொரு வருஷத்தில் அவள் அதை ரிப்பேர் பண்ணவே இல்லை.